தொடக்க சர்வீஸ்

குதிகாலை ஊன்றிப் பார்த்தாள்.

இறங்கவில்லை.

உடம்பின் கனத்தையெல்லாம் அதில் போட்டு இன்னொரு முறை ஊன்றினாள். மணலில் மெல்லிய தடம் ஒன்று விழுந்தது. அவ்வளவுதான்.

"எப்படிம்மா இருக்கு?"

சங்கச் செயலாளர் தனசிங். பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"தண்ணி தெளிச்சு, ரோலர் விட்டு இறுக்கியிருக்கோம். மந்திரி ஐயா நடந்து வரையில காலு புதையக் கூடாதுல்லா. ஏர்போர்ட் ரன்வே தோத்துரும்!"

கடற்கரைக் கைப்பந்துச் சங்கத்துக்கு அவர் பல வருடங்களாகச் செயலாளர். இந்த ஆட்டத்துக்கு மணல் எதற்கு என்று இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அவளுக்குத் தெரியும்.

கட்டாந்தரையில் ஆடித்தான் முழங்கால் போனது. 'இனிமே தரையில குதிக்காதீங்க, அடுத்த தடவை தைக்கிறதுக்கு உள்ள ஒண்ணும் இருக்காது' என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் மணலுக்கு வந்தாள். மணல் தாங்கிக்கொண்டது. மாநிலப் பட்டம், தேசியப் பட்டம், மறுபடி தேசியப் பட்டம். எல்லாம் கணுக்கால் புதையப் புதைய வாங்கியவை.

இன்று இறுதி ஆட்டம். ஜெயிக்கிற ஜோடி ஆசியப் போட்டிக்குப் போகும். முப்பத்துநான்கு வயதில் இன்னொரு முறை கூப்பிட மாட்டார்கள்.

ஆடாவிட்டால் எதிர் ஜோடிக்குச் சும்மாவே கிடைத்துவிடும்.

ஆடினால், முழங்கால்.

எதிர் ஜோடிக்கு இருபது வயது. அவர்கள் மொட்டைமாடியிலும் குதிப்பார்கள். இப்போதே துள்ளித் துள்ளிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, இதுல சைக்கிள் ஓட்டலாம்," என்றாள் ரெக்ஸலின். அவளுடைய ஜோடி.

இருவரும் நடுவரிடம் போய்ச் சொன்னார்கள். நடுவர் மணலைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். ஐயா பேசி முடிக்கட்டும், பிறகு யோசிக்கலாம் என்றார்.

ஐயா வந்தார்.

பதாகையில் 'மணலை ஆளும் மாமன்னரே' என்று போட்டிருந்தது. பக்கத்து ஆற்றைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

ஐயா கடலைப் புகழ்ந்தார். பெண்களைப் புகழ்ந்தார். இரண்டும் தன் முயற்சியால் இந்த மாவட்டத்துக்கு வந்தவை என்பதுபோல் பேசி முடித்தார்.

அடுத்தது தொடக்க சர்வீஸ். சிறப்பு விருந்தினர் பந்தை அடிப்பார். வலைக்கு இந்தப் பக்கம் சாம்பியன் நின்று அதை எடுக்கப் பாய்வதுபோல் காட்ட வேண்டும். பல ஊர்களில் காட்டியிருக்கிறாள். ஒரு ஊரிலும் பந்து அவள்வரை வந்ததில்லை.

ஆட வருகிறவர்கள் மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நடுவர் விரல் விரலாகப் பார்ப்பார். ஐயாவின் விரலை அவர் பார்க்கவில்லை. அதில் கனக புஷ்பராகம் இருந்தது. பதவி நிலைக்க ஜோசியர் போடச் சொன்னது, ஊருக்கே தெரியும். வரவேற்பில் பூசிய சந்தனம் கையில் இன்னும் காயவில்லை.

அடித்தார்.

பந்து வலைக்கு முன்பே விழுந்தது. மோதிரம் வலையைத் தாண்டியது.

பலத்த கைதட்டல்.

இறுகிய மணலில் மோதிரம் உருண்டு வந்தது. அவளுக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டுச் சாய்ந்தது. எல்லோரும் ஐயாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயா கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்துக் கொடுக்கலாம் என்று குனியப் போனாள்.

அதற்குள் ஐயா விரலைப் பார்த்துவிட்டார். முகம் வெளிறிப்போனது.

"மணலுக்குள்ள போயிருக்கும்!" தனசிங் அலறினார். "ஏலே, நிக்கீங்களே, தோண்டுங்கலே!"

அவள் குனியவில்லை. ஒரு எட்டு முன்னே வைத்தாள். உள்ளங்காலில் புஷ்பராகம் உறுத்தியது.

ஊசி போட்டாலும் மேலேயே கிடக்கிற தரை. ஆனால் மணல் என்றால் விழுங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கட்சிக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். முதலில் விரலால். நகம் உடைந்ததும் குச்சியால். பிறகு பந்தல்காரரின் கடப்பாரை வந்தது, மண்வெட்டி வந்தது. பெயர்த்ததைக் கையால் நொறுக்கி, அள்ளி, விரலிடுக்கில் சலித்தார்கள். ஐயா பார்க்கிறார் என்பதால் முழங்கை ஆழம் போனார்கள். வட்டச் செயலாளர் தோண்டிய இடத்தை மாவட்டச் செயலாளர் மறுபடியும் தோண்டினார்.

"சார், பின்கோட்டுப் பக்கமும் பாக்கச் சொல்லுங்க," என்றாள் அவள். "அம்புட்டு வேகமா அடிச்சீங்கல்லா."

அந்தக் கவலையிலும் ஐயா கொஞ்சம் நிமிர்ந்தார். கையைக் காட்டினார். கூட்டம் பின்கோட்டுக்கு ஓடியது.

எதிர் ஜோடியில் ஒருத்தி உள்ளே வந்து கால் வைத்தாள். கால் புதைந்தது. பிடுங்கிக்கொண்டாள். சிரிப்பைக் காணோம்.

"நீ ஏன்ட்டி சிலை மாரி நிக்க?"

ரெக்ஸலின் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தாள். பாதத்தைப் பார்த்தாள். பிறகு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி!" தனசிங்கைக் கூப்பிட்டாள். "வலைக்குக் கீழ இன்னும் யாருமே பாக்கலியே!"

அங்கேதான் அவள் எழும்பி அடித்து இறங்க வேண்டும்.

கடப்பாரை வலைப் பக்கம் நகர்ந்தது.

அவள் நகரவில்லை.