மௌரீன் ஒப்புக்கொண்ட குற்றம்

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதானே மௌரீன்? எனக்குப் பதிலா நீ போய் உட்கார்ந்துட்டு வந்துடேன்" என்றார் ரெமிஜியஸ்.

மௌரீன் காபியை ஆற்றிக்கொண்டே கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மனிதர் கெஞ்சி அவள் பார்த்தது கல்யாணத்துக்கு முன்னால்தான்.

முந்தின நாள் ஒரு போலீஸ்காரர் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை அவர்களுடைய மோரிஸ் மைனர் கார் கோல்ஸ் ரோட்டில் தலைதெறிக்கப் பறந்ததாம். ஓட்டியவர் சனிக்கிழமை டிராஃபிக் ஸ்டேஷனுக்கு வந்து ஒப்புக்கொண்டால் கோர்ட்டு, கேசு எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட ஹாலில் நடக்கிற வகுப்பில் உட்கார்ந்து, சாலை விதிகளைக் கேட்டுவிட்டு வந்தால் போதும்.

ரெமிஜியஸ் ஐயா இத்தனை நாள் மாட்டாமல் இருந்ததுதான் அதிசயம். ஆபீசுக்குப் போகவர கம்பெனி வேன் உண்டு. மோரிஸ் சாயங்காலம் கிளப்புக்குப் போக மட்டும். சீட்டாட்டத்தில் தன் நாற்காலியை வேறு எவனாவது பிடித்துவிடுவானோ என்று அவர் போகிற வேகம் கோல்ஸ் ரோட்டுக் கோழிகளுக்கெல்லாம் தெரியும்.

லாரிக்காரர், டாக்ஸிக்காரரோடு ஒரே பெஞ்சில் உட்காருவதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். ஆனால் அந்த வகுப்பைத் தொடங்கிவைத்து 'சாலை ஒழுக்கம்' என்று பேசப்போகிறவரே அவர்தான். பேட்டை நலச் சங்கத் தலைவர் அல்லவா? ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பேச்சை முழங்கிக்கொண்டிருந்தார். மேடையில் மாலை வாங்க வேண்டியவர் கீழே பெஞ்சில் உட்கார்ந்தால் மானம் கப்பலேறிவிடும். சங்கத்துப் பதவியும் கூடவே போய்விடும்.

"எனக்கு வண்டியே ஓட்ட வராதுன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றாள் மௌரீன்.

"லைசென்ஸ் இருக்குதில்ல, அது போதும். பொம்பளை வேகமா ஓட்டினான்னு சொன்னா எந்தப் போலீஸ்காரனும் நம்பிடுவான்."

லைசென்ஸ் அவர் வாங்கிக்கொடுத்ததுதான். மனைவி கார் ஓட்டுவாள் என்று கிளப்பில் சொல்லிக்கொள்ள ஆசை. லைசென்ஸ் வந்த மறுநாளே, நீ கியர் போட்டால் வண்டி அழுகிறது என்று சொல்லிச் சாவியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டார். அவ்வளவு பெருந்தன்மை.

"வண்டி எத்தனை மணிக்குப் போச்சுன்னு போலீஸ்காரர் சொன்னாரா?"

"எத்தனை மணியா இருந்தா என்ன? நீ ஓட்டினேன்னு மட்டும் சொல்லு."

மௌரீன் டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். "சரி, நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன்."

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் ரங்கப்பா, "கூத்கொள்ளி சார்" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி, எழுந்து நாற்காலி போட்டார். ரெமிஜியஸ் அதில் சாய்ந்துகொண்டு ஒரு பிரசங்கமே வைத்தார். பெண்களுக்கு அவசரபுத்தி, வளைவில் எதிரே வருவது கண்ணில் படாது, இவள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தது தன் தப்பு, போலீசார் தயவுதாட்சண்யம் பார்க்காமல் இவளை முன்வரிசையில் உட்காரவைத்துப் பாடம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் பேசினார். பக்கத்தில் மௌரீன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரையோ திட்டுகிறார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தேன் சார். திரும்பி வர்றப்ப ரோடு காலியா இருந்துச்சு, அழுத்திட்டேன். தப்புதான். ஆனா நல்லா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்."

ரெமிஜியஸ் அசந்துபோனார். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் வாயில் புளுகு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறதே! மீனாம், மார்க்கெட்டாம். கட்டிக்கொண்ட நாளிலிருந்து முதல் தடவையாகப் பெண்டாட்டியை மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் கடமை தவறாதவர். வண்டியைப் பார்த்த கான்ஸ்டபிள் முனியப்பனைக் கூப்பிட்டு, இந்த அம்மாதானா என்று கேட்டார். முனியப்பன் மௌரீனைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"இவங்களேதான் சார். மத்தியானம் நான் சாப்பிட உட்காரப் போறேன், தலையில பச்சை ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு சர்ருன்னு போனாங்க. வாராவாரம் போவாங்க. சைக்கிள்ல எத்தனை தடவை துரத்தியிருக்கேன், எங்க பிடிக்கிறது?"

அத்தோடு எழுந்து வந்திருந்தால் ஐயாவின் மாலை பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் கேவலம் ஒரு கான்ஸ்டபிள் தப்பாகச் சொல்ல, அதைத் திருத்தாமல் விட்டால் அவர் ரெமிஜியஸ் இல்லையே.

"என்னய்யா உளர்றே? மத்தியானம் வண்டி ஷெட்ல பூட்டியிருந்துச்சு. சாயங்காலம் நான் கிளப்புக்கு அம்பது மைல்ல போனேனே, அதைத்தானே நீ பார்த்தே?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறந்தார். "சாயங்காலம் அங்க எங்க ஆளுங்க யாருமே இல்ல சார். அது ஒண்ணு நடந்ததே இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது. நாளைக்கு மாலையை வேற யாருக்காவது போட்டுக்கறோம். நீங்களும் பெஞ்சுக்கு வந்துடுங்க."

மௌரீன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் ஓட்டினதை நான் ஒத்துக்கிட்டேன். உங்களை யாருங்க கேட்டாங்க?"