மேடையில் ஒரு நாற்காலி

"மார்ச் 9, ஞாயிறு. இரைச்சலுக்குக் காரணம் கேபிள்தான் என்று அவசரப்பட்டு, நன்றாக இருந்த கேபிளை வெட்டிவிட்டேன். தவறு என்னுடையது."

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடிய லிஃப்ட்காரன், மேசைமேல் இருந்த லூப் பெடலை மறுபடியும் முறைத்தான்.

சோப்புப்பெட்டி அளவுதான். காலால் அழுத்தினால் நாம் வாசிப்பதைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு முறை அழுத்தினால் அதையே அலுக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதன்மேல் நாம் நம் மெட்டை வாசித்துக்கொள்ளலாம். துணைக்கு ஆள் வேண்டாம்.

போன வாரம் வரை அந்தத் துணை ஆள் அவன்தான்.

மாலைநேர கிட்டார் வகுப்பில் எல்லோருக்கும் தொழில்தான் பெயர். லிஃப்ட் பழுதுபார்க்கும் அவன் லிஃப்ட்காரன். அவள் மருந்துக்கடை. வருகிற சனிக்கிழமை மேடையில் அவள் மெட்டு வாசிக்க, பக்கத்து நாற்காலியில் அவன் பின்னணிக்குக் கார்டு (சுரக்கூட்டு) பிடிப்பதாக ஏற்பாடு.

நேற்று இந்தப் பெட்டியை அவன் கையில் திணித்தாள். "சத்தமும் கம்மியா வருது, கூடவே உர்ருங்குது. நீதான் பாத்துக் குடுக்கணும். இது சரியாயிட்டா சனிக்கிழமை நீ அலைய வேணாம் பாரு."

தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளச் சொல்லி, கூலியாக ஒரு சிரிப்பையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள். "என்னடா, சக்களத்தியப் பாக்கிற மாதிரி பாத்துக்கிட்டிருக்கே?"

"போக்கா."

முறைப்படி மறுபடி தொடங்கினான். வேறு கேபிள் மாட்டினான். உறுமல் போகவில்லை. கிட்டாரையே பெடலிலிருந்து கழற்றிப் பார்த்தான். போகவில்லை. கடைசியில் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தான். பெடலோடு வந்ததல்ல; வேறேதோ சாமானுடையது. முனை பொருந்துகிறதே என்று மாட்டியிருக்கிறாள்.

தன்னிடமிருந்த சரியான அடாப்டரை மாட்டினான். உறுமல் கப்சிப்.

சத்தக் குறைவும் அதன் வினைதான். உறுமல் தாங்காமல் அவளே ஒலித் திருகைக் குறைத்து வைத்திருந்தாள். கூட்டினான்.

உள்ளே அவள் பதிந்து வைத்திருந்தது இப்போது தெளிவாகக் கேட்டது. நாலே கார்டு, சுற்றிச் சுற்றி. துளி இரைச்சல் இல்லை.

எவனுடைய கை இது?

பெட்டிமேல் இருந்த வயிற்றெரிச்சல் அப்படியே அந்தக் கைக்கு மாறியது. நிதானமான கை. தன்னால் இந்த ஜென்மத்தில் இப்படி வாசிக்க முடியாது என்று தோன்றியது.

மூன்றாவது கார்டில் சுண்டுவிரல் ஒரு இழை தாமதமாக இறங்கியது.

அடுத்த சுற்றிலும் அப்படியே.

அந்தச் சுண்டுவிரல் வகுப்பில் ஒருவனுக்குத்தான் உண்டு. வாத்தியார் அதைத் திட்டாத நாள் கிடையாது.

புதன்கிழமை நினைவுக்கு வந்தது. மருந்துக்கடை தன் ஒயரை அவன் கிட்டாரில் செருகி, கை பழகட்டும், அதையே வாசித்துக்கொண்டிரு என்றாள். நாற்காலிக்கடியில் அவள் கால் எதையோ தட்டியது. தாளம் போடுகிறாள் என்று நினைத்திருந்தான்.

பெட்டி வாசித்துக்கொண்டே இருந்தது. கன்னத்தில் கைவைத்து நெடுநேரம் கேட்டான். நன்றாகத்தான் வாசித்திருந்தான்.

பிறகு சத்தம் நின்றது.

அக்கா தலையை நீட்டினாள். "ஏன்டா நிறுத்திட்டே? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?"

அவன் பேனாவைத் திறந்தான்.

"நாளை: மருந்துக்கடைக்குப் போய்ப் பெடலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பழுது பார்க்கும்போது பதிவு அழிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். கிட்டாரைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்."