யன்னல் பக்கத்து சீட்

“மெல்லக் கதைங்க. ராத்தாக்குக் கேட்டிரும்.”

அந்த ராத்தா, அக்காக்காரி கைருன்னிஸாவுக்கு அதுதான் நன்றாகக் கேட்டது.

திரை போட்ட யன்னலுக்கு அந்தப் பக்கம், கிணற்றடியில், தங்கை குடும்பம் முழுதும் கூடியிருந்தது. தங்கை ஹாஜறா, அவள் புருசன் ஜவுபர் மாஸ்டர், மகன் முனாப், கடைக்குட்டி நபீலா. இரண்டு வீட்டுக்கும் ஒரே வளவு, ஒரே கிணறு.

இந்தப் பக்கம் கைருன்னிஸா மட்டும். பிள்ளைகுட்டி இல்லை. புருசன் பக்கீர் முகைதீன் மவுத்தாகி மூன்று மாதம். புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெள்ளைச் சேலையோடு அறைக்குள்ளேயே, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், அவர்கள் காதில் தன் குரல்கூட விழாமல் இருந்தாள். தங்கை புருசனும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

“ஜீப்லயா வாப்பா போறம்?” இது முனாப்.

“இங்கினியாகலை வரைக்கும் வேன். அங்கால படகு. காட்டு ஆனை குளத்துக்குள்ள நீந்துறதப் பாக்கலாம்.”

“அப்ப சபாரிதான்!”

“மெல்லடா!”

“பெருநாள் மூணாம் நாளே போவம் வாப்பா. ஊரே அன்டைக்குத்தானே பயணம் போற.”

“அன்டைக்கு ஏலா.”

“அப்ப எப்ப?”

ஜவுபர் மாஸ்டர் குரலை இன்னும் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு கிணற்றுக் கப்பியின் சத்தம்தான் கேட்டது.

கைருன்னிஸாவுக்குப் புருசன் ஞாபகம் வந்தது. பக்கீர் முகைதீன் லொறி ஓட்டியவர். அம்பாறைப் பக்கம் நெல் ஏற்றப் போய் வரும்போதெல்லாம் ஒரே கதைதான். “கைறு, ஆனை குட்டியோட நீந்துது. தும்பிக்கை மட்டும்தான் வெளிய தெரியுது. ஒருநாளைக்கு உன்னக் கூட்டிப் போறன்.” பதினெட்டு வருசம் சொன்னார். அந்த ஒருநாள் வரவேயில்லை.

பின்னேரம் பக்கத்து வீட்டு றாஹிலா வந்து பாயில் உட்கார்ந்தாள்.

“கேள்விப்பட்டயளா ராத்தா? மூணு மாசத்துக்கு முன்ன மையித்து எடுத்த வளவுக்குள்ள ஆனை பாக்கிற கதை நடக்குது. உங்களுக்கு ஒரு சொல்லுச் சொன்னாங்களா?”

“இல்ல.”

“சொல்லமாட்டாங்க. இத்தாவுல இருக்கிற பொம்புள பாரம்தானே.”

றாஹிலா எண்ணெய் ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள். எரிந்தது கைருன்னிஸாவின் வயிறு.

நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது நபீலா கஞ்சிக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். வழக்கம்போல மடியில் ஏறிக்கொண்டாள்.

“பெரியும்மா, ஆனை ஆக்களை என்ன செய்யும்?”

ஒன்றும் செய்யாது என்று சொல்ல ஒரு நொடி போதும். கைருன்னிஸா அதைச் சொல்லவில்லை.

“கொல்லும்,” என்றாள். “வேனையே புரட்டிப் போடும். யன்னல் பக்கம் இருக்கிற ஆளைத்தான் முதல்ல தும்பிக்கையால இழுத்தெடுக்கும்.”

நபீலா பெரியும்மாவை நிமிர்ந்து பார்த்தாள். மடியை விட்டு இறங்கிப் போனாள்.

பாங்கு சொல்லி, பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தபோது அடுத்த வீட்டிலிருந்து அலறல் கேட்டது.

“போகவேணாம்! ஒருத்தரும் போகவேணாம்!”

“யாரு புள்ள உன்னப் பயங்காட்டின?” ஹாஜறா எவ்வளவோ கேட்டாள். பிள்ளை யாரையும் சொல்லவில்லை.

கைருன்னிஸாவுக்கு அன்றைக்குக் கஞ்சி ருசித்தது. முதல் மிடறு மட்டும். அதற்குப் பிறகு இறங்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளையோடா போட்டி என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது.

அடுத்த இரண்டு நாளும் கிணற்றடியில் யாரும் கூடவில்லை. ஒளித்துக் கதைத்த கதையாவது அவளுக்குத் துணையாக இருந்திருக்கிறது. இப்போது அதுவும் இல்லை. திரை காற்றில் ஆடினால்கூட யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலை முற்றத்தில் சைக்கிளை எடுக்கும் சத்தம்.

“புள்ள ராவும் பகலும் அழுதா என்ன செய்ற?” ஜவுபர் மாஸ்டரின் குரல் சோர்ந்து கிடந்தது. “வேன்காரனுக்கு வேணாமென்டு சொல்லிட்டு வாறன்.”

அதே நேரம் நபீலா கோப்பையை எடுக்க அறைக்குள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. கைருன்னிஸா அவளைப் பிடித்து இழுத்தாள்.

“ஏன்மா இவ்வளவு பயம்? நீ நடுவுல இருந்தா ஆனைக்கு எட்டாதுதானே?”

“எனக்குப் பயமில்ல.”

“அப்ப என்னத்துக்கு அழுற?”

நபீலா வாசலைப் பார்த்தாள். பிறகு காதோடு வாயை வைத்தாள்.

“உங்கட்டச் சொல்லப்படாதாம். இத்தாவுல பயணக் கதை கதைச்சா ஊர் உங்களத்தான் ஏசுமாம். பெருநாள் கழிச்சு ஒரு வெள்ளிக்கிழமை உங்கட இத்தா முடியுதாம், மறுநாள் சனிக்கிழமை போறயாம். அதுக்குத்தான் வாப்பா பெருநாளுக்குப் போக ஏலாதென்டாரு. ஆனை காட்டுறன் என்டு பெரியப்பா உங்களுக்குச் சொன்னதாமே? யன்னல் பக்கத்து சீட் உங்களுக்குத்தானாம் பெரியும்மா. ஆனை முதல்ல உங்களத்தானே இழுத்தெடுக்கும்?”

வெளியே சைக்கிள் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. வளவு வாசல் கடப்பு திறக்கும் சத்தம் கேட்டது.

மூன்று மாதமாக அறையைத் தாண்டாத குரல் வளவு முழுக்கக் கேட்டது.

“ஜவுபர் தம்பி! வேனை நிப்பாட்டாதீங்க! ஆனை ஒன்டும் செய்யாது... நான்தான் நோன்பு வாயால புள்ளைக்குப் பொய் சொன்னன்!”