நாடா கட்டாத புதர்

வாருங்கள், மக்களே, இந்த அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள்! ஓடைக்கரைச் சரிவெங்கும் புதினா மணம் வீசும் காட்டுப் புதர் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கிறது. யூகலிப்டஸ் மரங்களினூடே காலை வெயில் இறங்குகிறது. தேனீக்களின் இரைச்சலை விழுங்கிக்கொண்டு, சரிவை மழிக்க வந்த புல்டோசர் உறுமுகிறது. தலைமுறைகளாக இந்த இலையைக் கொதிக்கவைத்துப் பிள்ளைகளை ஆவி பிடிக்கவைத்த குடும்பத்துப் பெண் மெர்ல் அந்த வண்டியின் எதிரே நிற்கிறாள். வெட்டக்கூடாத செடிகளுக்கு இளஞ்சிவப்பு நாடா கட்டுவது இங்கே வழக்கம். மழிக்கும் முன் அப்படிப்பட்ட செடிகளைத் தேட வந்தவர்களோ பூவே இல்லாத குளிர்காலத்தில் வந்தார்கள். புதரை அடையாளம் காணாமல், இங்கே அது இல்லை என்று சொல்லிப் போனார்கள். வண்டியை ஓட்டும் கிளைட், மெர்லின் கணவனுக்குத் தம்பி. "நகருங்க அண்ணி. நாடா இல்லாத செடிக்கு நான் என்ன பண்ண?" "கண்ணுதான் அவிஞ்சு போச்சு. மூக்குமா இல்ல உனக்கு?" "மூக்கு இருக்கு அண்ணி. நாளைக்கு வேலையும் இருக்கணும்ல?" இருவரும் சிரிக்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. கை மட்டும் ஓர் இலையைக் கசக்குகிறது. மணம் ஏறிய விரல் யாருடையதோ போல் இருக்கிறது. கிளைட் இயந்திரத்தை அணைக்கவுமில்லை, முன்னே நகர்த்தவுமில்லை. அவள் மரத்துப்போய் நிற்கிறாள் என்பதற்காக நாமும் மரத்துப்போகலாமா? எழுந்திருங்கள்! இல்லை என்று சொன்னவர்களின் கதவைத் தட்டுங்கள். பூத்திருக்கும் இந்த வாரமே வந்து பார்க்கச் சொல்லுங்கள்!