சுவரில் தலைகீழாக ஒரு கார்

மதியம் இரண்டு மணி. மில்பிடாஸ் நகரத்து வெயில் வெளியே காய்கிறது, அறைக்குள் கும்மிருட்டு. நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குவதற்காக ஜன்னல் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறேன். வேலையை விட்டுப் பதினொரு நாள் ஆகிறது. மனைவி பிரீத்திக்குத் தெரியாது. அதனால் தாளைக் கிழிக்கவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை. தாளில் விழுந்த சின்ன ஓட்டை வழியாக, கீழே இருக்கும் பார்க்கிங்கின் பிம்பம் அறையின் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழுகிறது. ஓட்டையைப் பெரிதாக்கி, பழைய மூக்குக்கண்ணாடியின் லென்ஸை டேப் போட்டு ஒட்டுகிறேன். படம் தெளிகிறது. மேலே தார்த்தரை, கீழே வானம். தொங்கும் கார்களில் ஒன்று எங்களுடையது. உள்ளே பிரீத்தி மடியில் டப்பாவை வைத்துத் தயிர்சாதம் சாப்பிடுகிறாள். அவளுடைய ஆபீஸ் மேசைச் செடி டாஷ்போர்டில் இருக்கிறது. எங்கள் அறை ஜன்னல் தாளால் மூடியிருக்கும் தைரியத்தில் இங்கேயே நிறுத்தியிருக்கிறாள். என் போன் அதிர்கிறது. சுவரில் அவள் கை காதில் இருக்கிறது.

"எழுந்துட்டியா?"

"இப்பதான். நீ எங்க இருக்க?"

"ஆபீஸ்லதான், வேற எங்க? மீட்டிங்கை மியூட்ல போட்டுட்டுப் பேசறேன். சாம்பாரை ஹீட் பண்ணிச் சாப்பிடு. சும்மா சிப்ஸ் தின்னுட்டு கிளம்பாத."

"சரி."

"இன்னிக்கு ஷிஃப்ட் இருக்குல்ல?"

அவள் ஸ்பூனை நிறுத்திக் காத்திருக்கிறாள்.

"இருக்கு," என்கிறேன்.

தலைகீழாகத் தலையாட்டுகிறாள். வெளியே மேகம் வெயிலை மறைக்கிறது. காரும் செடியும் அவளும் மங்கி, வெறும் சுவர் மிஞ்சுகிறது. இரண்டு பேரும் இன்னும் போனை வைக்கவில்லை.