ஆள் வருது

புதுக்கோட்டையிலிருந்து வந்த பஸ்ஸில் கீரனூரில் ஏறினாள் ஹரிணி. வழக்கம்போல் வித்யா தன் சாப்பாட்டுப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்து இடம் போட்டிருந்தாள்.

ஹரிணி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒக்காருடி."

"என்னைப் பரீட்சைக்கு அனுப்புங்கக்கா, ஒக்காருறேன்."

இருவருக்கும் திருச்சியில் ஒரே ஆபீஸ். பல கம்பெனிகளின் நெட்வொர்க்குக்குள் ஹேக்கர்கள் நுழையாமல் காவல் பார்க்கும் வேலை. ஆட்குறைப்பு வருகிறது என்று பேச்சு கிளம்பியதிலிருந்து ஹரிணிக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா குவைத்திலிருந்து உடம்புக்கு முடியாமல் திரும்பிவிட்டார். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

அவர்கள் காவலுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் ஒரே கம்பெனியின் பயர்வால் பெட்டி, அதாவது ஹேக்கர்களை வாசலிலேயே தடுக்கும் கருவி. அந்தக் கம்பெனி நடத்தும் பரீட்சையில் பாஸாகி சர்டிபிகேட் வாங்கினால் தப்பித்துவிடலாம் என்று நம்பினாள். பரீட்சைக்கு ஆள் அனுப்புவது சீனியர் வித்யாவின் பொறுப்பு. அவளோ ஒரு வாரமாக இழுத்தடிக்கிறாள்.

"அது அந்த ஒரு கம்பெனிப் பெட்டிக்குத்தான்டி ஆகும். பெட்டி போனா படிப்பும் போச்சு. எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி வேற எதையாச்சும் படி."

"அப்ப நீங்க மட்டும் ஏன்க்கா அதை வாங்கி மேஜையில வச்சிருக்கீங்க?"

வித்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்காவுக்குப் பொறாமை, வேறென்ன!

ஆபீஸுக்குள் நுழைந்ததும் நேராக மேனேஜர் ராம்நாத்திடம் போனாள்.

"சார், வித்யா அக்கா வேணும்னே என்னைத் தடுக்குறாங்க."

முழுக்கக் கேட்டுவிட்டு அவர் எழுந்து கதவைச் சாத்தினார். ஹரிணிக்குத் தோன்றியது ஒன்றுதான்: வேலை போச்சு!

"மத்தியானம் எல்லாருக்கும் மெயில் வந்துரும், அதனால சொல்றேன். அந்தப் பெட்டியை எல்லா எடத்துலயும் கழட்டப் போறோம்மா. அந்தப் பரீட்சை எழுதுனவங்களை அந்த வேலைக்குன்னே ஒதுக்கி வச்சிருந்தோம்ல, அவங்க அத்தனை பேரும் இந்த மாசத்தோட வெளியே போறாங்க. நீங்க எழுதியிருந்தா நீங்களும்தான்."

"சார்... வித்யா அக்கா?"

"அவங்களுக்குப் போன வாரமே சொல்லியாச்சு. வெளிய மூச்சு விடக் கூடாதுன்னும் சொல்லியிருந்தோம்."

சாயங்காலம் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. ஹரிணி கூட்டத்துக்குள் நுழைந்து முன்னே போனாள். வித்யாவிடம் ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பையை எடும்மா, ஒக்காரணும்ல!"

"ஆள் வருதுங்க."

வித்யாவின் முகம் அழுது வீங்கியிருந்தது. ஹரிணியைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹரிணி நின்றுகொண்டே சொன்னாள். "அக்கா, காலையில நான் மேனேஜர்கிட்ட ஒங்களைப் பத்தி..."

"தெரியும்டி. ஒக்காரு மொதல்ல. வேலை போனதை வீட்டுல இன்னும் சொல்லலை, பயமா இருக்கு. கீரனூர் வரைக்குமாச்சும் பக்கத்துல இரு."