மாறவேளின் கவசம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் மூவர்: மாயக்கதைகள் எழுதும் சௌந்தரவல்லி அம்மாள், அடுத்த வாரம் கோவையில் நடக்கவிருந்த அறிவியல் புனைகதை மாநாட்டுக்கான தன் வேடத்தைக் காட்ட வந்த வாசகன் செங்கோடன், அவன் மனைவி நப்பின்னை.

அம்மாளின் நாவலில் வரும் தளபதி மாறவேளின் தகரக் கவசத்தை அணிந்து செங்கோடன் நிமிர்ந்து நின்றான். “கடைசிப் போர்ல ஜெயிச்சுட்டு வர்ற கோலமுங்கம்மா. எட்டு மாச வேலைங்க.”

“மாறவேள் மூணாம் அத்தியாயத்துலயே செத்துட்டானே!” என்றார் சௌந்தரவல்லி.

படிப்பவர் மனம் நோகாதபடி புத்தகங்கள் தாமாகவே கதையை மாற்றிக்கொள்ளும் காலம் அது. செங்கோடனின் பிரதியில் மாறவேள் சாகவே இல்லை.

“என் புத்தகத்துல இவன் வரவே இல்லீங்க,” என்று சிரித்தாள் நப்பின்னை. “எனக்குச் சண்டை புடிக்காதுன்னு அதுக்குத் தெரியும்.”

“மாநாட்டு மேடையில நீங்க இந்தக் கதையைப் படிக்கறப்ப ஒரே ஒரு வரி மாத்திப் படிச்சுடுங்கம்மா,” என்று கெஞ்சினான் செங்கோடன்.

“என் பேரோட எங்கப்பா பேரையும் போட்டு எழுதின கதை இது. அதுல செத்தவன் செத்தவன்தான்.” சௌந்தரவல்லி எழுந்து, குங்குமத்தை நீரில் குழைத்து, கதையில் மாறவேள்மேல் அம்பு பாய்ந்த இடம் பார்த்துக் கவசத்தின் நெஞ்சில் தடவினார். “இப்பத்தான் சரி. இப்படியே மேடைக்கு வா. நான் படிக்கிறேன், நீ விழு.”

வாசகனுக்கு இரங்கி அம்மாள் மாறவேளை உயிரோடு விட்டுவிட்டார் என்று பிறகு ஒரு பேச்சு பரவியது. அது பொய். மாறவேள் மேடையில் எல்லோர் கண்ணெதிரிலும் செத்தான். கைதட்டல் ஓயாததால் இன்னொரு முறையும் செத்தான்.